கரடியின் விறகும் வடிவின் எச்சில் குழியும்

மூங்கில் காட்டில் மழை பிடித்துக்கொண்டால் காய்ந்த விறகு கரடியின் குகையில் மட்டும்தான் இருக்கும். விறகு வேண்டுமென்றால் கரடியின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஆக்கிய சோற்றில் முதல் சட்டியை அதன் வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லா விலங்குகளும் அப்படித்தான் செய்தன, வடிவு என்ற பெருச்சாளியைத் தவிர.

“என் முதுகு மண் தோண்ட வளையும். உன் காலடியில் வளையாது!” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது வடிவு.

“அப்படியானால் பச்சைக் கிழங்கைத் தின்!” என்று உறுமியது கரடி.

கருணைக்கிழங்கை வேக வைக்காமல் தின்றால் தொண்டை என்ன பாடு படும் என்று சொல்லவா வேண்டும்! வடிவின் குட்டிகள் அரிப்புத் தாங்காமல் அழுதன. பெற்ற வயிறு பற்றியெரிந்தது. ஆனாலும் வடிவு குகைப் பக்கம் போகவில்லை.

சதுப்பில் அழுகிய இலைகளுக்கு அடியிலிருந்து குமிழி கிளம்புவதையும், அதில் ஒரு பொறி பட்டால் குப்பென்று எரிவதையும் வடிவு பார்த்திருந்தது. ‘அழுகலுக்குள் நெருப்பு இருக்கிறதே! பிடித்து வைத்தால் என்ன?’ என்று யோசித்தது. ஆழமாகக் குழி தோண்டிக் களிமண் பூசியது. வீடு வீடாகப் போய் ஊசிப்போன சோறும் பழத்தோலும் கேட்டு வாங்கியது. மந்தாரை என்ற எருமையிடம் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றியது. காற்று புகாமல் மூடி, ஒரு மூங்கில் குழாயை மட்டும் அடுப்புக்கு இழுத்தது.

“எச்சிலை வைத்து அடுப்பெரிக்கப் போகிறாளாம்!” என்று மரத்திலிருந்த குரங்கு வயிறு குலுங்கச் சிரித்தது.

சில வாரங்கள் கழித்து வடிவு சிக்கிமுக்கிக் கல்லை உரசியது. குழாய் முனையில் நீலச் சுடர் எழுந்தது! கிழங்கு வெந்தது. சிரித்த குரங்கே முதல் ஆளாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிறகு யாரும் குகைக்குப் போகவில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? பெரிய விருந்து ஒன்று நடந்தது. நிறையப் போட்டால் நிறைய எரியும் என்று எண்ணி, மிச்சம் மீதியோடு புளிச்சக்கையையும் எலுமிச்சைத் தோலையும் விலங்குகள் கூடை கூடையாகக் குழியில் கொட்டிவிட்டன. சுடர் சிறுத்தது. பிறகு அணைந்தே போனது.

செய்தி கேட்டுக் கரடி ஆடி அசைந்து வந்தது. “என்ன வடிவு, ஆட்டம் முடிந்ததா? வா, காலைத் தொடு!”

குரங்கு குனியப் போனது. வடிவு குறுக்கே பாய்ந்தது.

“நிமிர்ந்து நில்! குழியும் வயிறு மாதிரிதான். மூக்குமுட்டத் திணித்தோம், புளித்துப்போனது. கொஞ்ச நாள் பட்டினி போடுவோம். சாணக் கரைசல் மட்டும் கொடுப்போம். தானே தெளியும்.”

“அதுவரை எதைத் தின்பது?” என்று கேட்டது குரங்கு.

“பச்சையாகத்தான்! தொண்டை அரித்தால் அரிக்கட்டும்!”

சொல்லிவிட்டுக் குட்டிகளைப் பார்த்தபோது வடிவுக்குக் கண் கலங்கியது. குழி தெளியாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதை வெளியே காட்டவில்லை.

“சாணத்துக்கு நான் பொறுப்பு!” என்றது மந்தாரை. மற்றவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தன. ஒரு நாளும் ஒருவரும் குகைக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு காலைப்பொழுதில், குழாய் முனையில் மறுபடியும் சுடர் நின்றது!

குகையில் விறகு மலையாகக் கிடந்தது. ஆனால் கரடிக்கு உலை வைக்கத் தெரியாது. ஒரு நாளாவது சமைத்திருந்தால்தானே! அடுத்தவர் சட்டியில் தின்றே பழகிய வாய்க்குப் பச்சைக் கிழங்கு இறங்கவில்லை. பசி பொறுக்காமல் வடிவின் அடுப்படிக்கு வந்து, காலைத் தொடக் குனிந்தது.

வடிவு காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டது.

“இங்கே யாரும் யார் காலிலும் விழுவதில்லை! உட்கார்ந்து சாப்பிடு. மிச்சத்தைக் குழியில் போட்டுவிட்டுப் போ.”

வீணென்று பிறர் எறிவதைக்கொண்டு பிழைக்கத் தெரிந்தவரை எவராலும் பணிய வைக்க முடியாது.