பேப்பர் பிடித்த கை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் சின்னப் பையனாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் ஜெசிந்தா. திருச்சி பாலக்கரையில் ஒரு தையல் கடைக்கு மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பாள்.

சீடருக்கு வயது அறுபது. பெயர் தணிகாசலம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் எடைக்கல் தானாக நிமிர்ந்து உட்காரும் என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவ்வளவு கறார்.

ஜெசிந்தாவின் வகுப்பில் ஒரே ஒரு விதி. எந்த கேமரா நல்லது என்று யாரும் கேட்கக் கூடாது.

தணிகாசலம் சேர்ந்த நாளிலிருந்து அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டூடியோ திறக்கும் முன்பே அவர் படியில் நின்றார். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. சட்டைப் பையில் இன்னொன்று துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன சார், இன்னிக்கு கிளாஸ் இல்லையே?"

"தெரியும் டீச்சர். கேமரா கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர். ரெண்டையும் வச்சுப் பாருங்க, பிடிச்சதை எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்கன்னு சொல்லிட்டார். ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

மேசை மேல் இரண்டையும் வைத்தார். ஒன்று மிரர்லெஸ். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குகிற ரகம், லென்ஸைக் கழற்றி மாட்டலாம். மற்றது சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சின்ன கேமரா. லென்ஸ் அதோடு ஒட்டியே இருக்கும், அணைத்தால் ஆமைத் தலை மாதிரி உள்ளே போய்விடும்.

"பெரிசுல வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார் பெரிசு. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் தெளிவா வருது. பின்னாடி இருக்கிறதெல்லாம் மங்கிப்போய் ஆள் மட்டும் எடுப்பா நிக்குறாங்க. ஆனா கழுத்து வலிக்குது, கண்ணுகிட்ட கொண்டு போனாலே எதிர்ல இருக்கிறவங்க உஷாராயிடுறாங்க. சின்னது அப்படியில்ல. எடுத்ததே தெரியாது. ஆனா சாயங்காலம் ஆனா புள்ளி புள்ளியா விழுது. பேட்டரி வேற மதியத்துக்குள்ள படுத்துடுது. என் தராசுல எடை போட்டும் பார்த்துட்டேன். இது நானூத்தி எண்பது கிராம், இது இருநூத்தித் தொண்ணூறு."

"யாரை எடுக்கப் போறீங்க?"

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரியை."

மனைவி பெயர் மங்கையர்க்கரசி. இடது தாடை எலும்பில் கட்டி. எலும்பில் ஒரு பகுதியை எடுத்தால்தான் ஆள் தப்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் முகம் பழையபடி இருக்காது, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறும் என்றும் சொல்லிவிட்டார்.

"அடுத்த புதன்கிழமை காலைல அட்மிஷன். முப்பத்து நாலு வருஷத்துல அவ சிரிச்ச படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல டீச்சர். கல்யாண ஆல்பத்துல யாரோ பிடிச்சு உக்கார வச்ச மாதிரி இருக்கா. ஆதார் கார்டைப் பத்திக் கேக்கவே வேணாம். ரெடின்னு சொன்னா போதும், முகம் அப்படியே மரமாயிடும்."

"சிரிக்காதவங்களா?"

"அவளா? அவ சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்ன விசேஷம்னு கேப்பாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு படம். அதுக்கு எந்த கேமரா? இன்னிக்கு மட்டும் உங்க விதியை மீறிக் கேக்குறேன்."

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் படியேறி ஒருவர் வந்தார். முறுக்கு மீசை. வரன் பார்க்கப் படம் வேண்டுமாம். பவுடர் அப்பியிருந்ததில் காது வரைக்கும் வெள்ளை.

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கைப் போட்டாள் ஜெசிந்தா.

"சும்மா லைட் பாக்குறேன் அண்ணே, நீங்க பாட்டுக்கு இருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிட்டேன்! வெறும் வயித்துல வந்தாத்தான் முகம் ஒட்டித் தெரியும்னு எங்கக்கா சோறே போடல" என்று சொல்லி அவர் சிரித்தார். ஜெசிந்தா ஒரு படம் எடுத்தாள்.

"இப்ப ரெடி."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மீசை துடித்தது. அதையும் நாலு படம் எடுத்தாள்.

ஐந்து நிமிடத்தில் படத்தை அச்சுப் போட்டுக் கொடுத்தாள். லைட் பார்த்த படத்தைத்தான் கொடுத்தாள். அந்த மனிதர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "அடேயப்பா, நானா இது!" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

தணிகாசலம் அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"டீச்சர், இப்ப நீங்க எடுத்தது என்ன லென்ஸ்?"

ஜெசிந்தா விளக்கை அணைத்தாள்.

"ரெண்டையும் வச்சுப் பாருங்க சார். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டு வாங்க."

"செவ்வாயா? மறுநாள் அட்மிஷன் டீச்சர்!"

"தெரியும் சார்."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இது ஒரு குருவா என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அந்த எட்டு நாளும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினார். காலையில் பெரியது, மாலையில் சின்னது. காப்பி ஆறிப்போகும். பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பார். பெரியதுதான் என்று முடிவு செய்து சாப்பிட உட்கார்ந்தால் ரசம் ஊற்றுவதற்குள் சின்னதுதான் என்று தோன்றிவிடும். போனில் வீடியோ போட்டு, யார் யாரோ இரண்டு கேமராவையும் பற்றிப் பேசுவதைக் கேட்டார். ஒருவன் சொன்னதை அடுத்தவன் மறுத்தான்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கையில் மடிக்கணினி. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை கிளாசுக்குக்கூட வராம, பட்டுப்புடவை கட்டச் சொல்லி எடுத்தேன் டீச்சர். பெரிசுல ஆறு, சின்னதுல ஆறு. நீங்களே பாருங்க."

ஜெசிந்தா பார்த்தாள். பன்னிரண்டு படமும் தெளிவாக இருந்தன. பன்னிரண்டிலும் ஒரு பெண்மணி தேர்வு எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டுலயும் அவ வரல டீச்சர்" என்றார் தணிகாசலம். "புடவை வந்திருக்கு, மூக்குத்தி வந்திருக்கு. அவ வரல. ரெண்டு கேமராவுமே சரியில்லையோன்னு பயமா இருக்கு. வேற ஏதாவது வாங்கணுமா?"

"வேற என்ன எடுத்தீங்க?"

"வேற டெஸ்ட்தான். அது முறைப்படி பண்ணியிருக்கேன்." அவர் குரலில் பழைய ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "பேப்பர்ல வரி விளம்பரம் போடுவானே, பொடிப்பொடி எழுத்து, அந்தப் பக்கத்தை ஜன்னல்கிட்ட வச்சு ஒரே தூரத்துல நின்னு ரெண்டு கேமராவுலயும் எடுத்தேன். மட்டமான லென்ஸ்னா மூலையிலதான் எழுத்து கலங்கும். அதனால மேல் மூலையை மட்டும் பெரிசு பண்ணி வெட்டி வச்சிருக்கேன். நாப்பத்து மூணு இருக்கு."

ஒவ்வொன்றாகத் தள்ளினாள் ஜெசிந்தா. எழுத்து, எழுத்து, எழுத்து. வீடு வாடகைக்கு. ஓட்டுநர் தேவை. எழுத்தெல்லாம் துல்லியமாக இருந்தது. சிலவற்றில் மட்டும் எழுத்து லேசாக இழுபட்டிருந்தது.

பத்தொன்பதாவது படத்தில் நிறுத்தினாள்.

"இது யார் கட்டைவிரல்?"

"அவளோடதுதான். சுவத்துல ஒட்டினா பெயின்ட் உரியும்னா. நானே பிடிச்சுக்கிறேன்னு நின்னா."

"எல்லாத்துக்கும் அவங்கதான் பிடிச்சாங்களா?"

"ஆமா. தினமும் காலைலயும் சாயங்காலமும். பாவம், கை கடுத்துப்போச்சு அவளுக்கு."

"இதெல்லாம் ஏன் இழுபட்டிருக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க! பேப்பரை ஆட்டிட்டா. ஒரு இடத்துல நிக்க மாட்டா டீச்சர். அந்தப் பக்கம் ராசிபலன் போட்டிருந்தான். அதைச் சத்தமா படிக்கிறா. 'உங்க ராசிக்கு இன்னிக்குப் புத்தி தெளியும்னு போட்டிருக்கு, நம்புறதா வேணாமா'ங்கிறா. 'இத்தனை வருஷம் கடைக்காரன் உயிரை வாங்கினீங்க, இப்ப பேப்பர்காரனா'ங்கிறா. சொல்லிச் சொல்லி ஒரே சிரிப்பு. அவ குலுங்கினா பேப்பர் குலுங்காம என்ன பண்ணும்? ஆடாதே, ஆடாதேன்னு நான் கத்துறேன், அதுக்கும் சிரிக்கிறா. எனக்கு வந்த ஆத்திரத்துல..."

தணிகாசலம் பாதியில் நின்றார்.

கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அதற்கடுத்தது. முப்பத்தோராவது படத்தில் எழுத்துக்கு மேலே, ஓரத்தில், மாநிறத்தில் ஏதோ கொஞ்சம் வளைந்து தெரிந்தது.

"இது என்ன சார்?"

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அவ தாடை" என்றார். "இடது தாடை."

"மேல மிச்சம்?"

"வெட்டிட்டேன்."

"முழுப்படம் இருக்கா?"

"மெமரி கார்டு நிறைஞ்சிடும்னு அன்னன்னிக்கு அழிச்சிட்டேன். டெஸ்ட்தானேன்னு..." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அதே கார்டுல மறுபடி மறுபடி எடுத்தாச்சு டீச்சர். ஒண்ணுகூட இல்ல."

எத்தனையோ கடையில் எத்தனையோ தராசைப் பிடித்த கை. இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எட்டு நாள்" என்றார். "எட்டு நாளும் என் முன்னாடியே நின்னுக்கிட்டிருந்தா. நான் எழுத்தைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன். பாவி நான், படுபாவி."

ஜெசிந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில இருக்கணும். இன்னிக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கு." பெரிய கேமராவை எடுத்தார். கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார். "இப்பவாவது சொல்லிடுங்க டீச்சர். எதைக் கொண்டு போகட்டும்?"

ஜெசிந்தா எழுந்து போய் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். வரி விளம்பரம் இருந்த தாளை மட்டும் உருவி, பின்பக்கம் ராசிபலன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. நாலாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

"எது கைக்கு வருதோ அதை எடுங்க. டெஸ்ட் இன்னும் முடியலன்னு அம்மாகிட்ட சொல்லுங்க சார். பேப்பர் ஆடினா ஆடட்டும்."