பீடி மணி நின்ற நாள்

தளவாய்க்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய ஆசானுக்கு நாற்பத்தைந்து.

இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த நூல் மில்லில் இல்லை. தொழிற்சங்கப் போராட்டத்தில் மூன்று முறை பாளையங்கோட்டை ஜெயிலைப் பார்த்தவர், லத்திக்கு முன்னால் கூடக் கழுத்தை வளைக்காதவர், ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினில் அறுந்த நூலைச் சேர்க்கிற ஒரு பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்பார்கள்.

"நான் படிச்ச துண்டுப் பிரசுரத்தை அடுக்கினா இந்த மில் சுவரை விட உசரமா நிக்கும்லே" என்பார் தளவாய். "அதுல இல்லாதது அந்தம்மாகிட்ட இருக்கு. போலே, போயி வேலையைப் பாரு."

அவர் சீடரானது ஒரு கதவடைப்பின் போது. எழுபதாம் நாள், நான்கு பக்கத்துக்கு ஒரு பிரசுரம் எழுதினார். சரித்திரம், வர்க்கம், வெற்றி எல்லாம் அதில் இருந்தது. ஆவுடையம்மாள் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு வரி எழுதினார். 'எங்கள் வீட்டில் உலை வைத்து மூன்று நாளாகிறது.' அந்த ஒரு வரிக்கு ஊரே திரண்டு வந்து கதவைத் திறக்க வைத்தது. அன்றிலிருந்து தளவாய் அவரை ஆசானாக ஏற்றுக்கொண்டார். வயதைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேப். பேட்டரியில் புகை விடும் குழல்.

"முப்பத்தெட்டு வருசப் பீடியை விட்டு ஒரு மாசம் ஆச்சு, தோழர். ஊரே மெச்சுது. நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கீய."

"இருமல் எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"ராத்திரி நல்லாத் தூங்குதேன்."

"சந்தோசம்."

"அவ்வளவுதானா?"

ஆவுடையம்மாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கிடைக்கும்?"

"கடையில விக்கக் கூடாதுன்னு தடை. நம்ம மில் ஆபீசர் விஷாகன் எங்க இருந்தோ வரவழைச்சுக் குடுத்தாரு. மில்லுல பீடி குடிக்கிற பன்னெண்டு பேருக்கும். ஓசி."

"உள்ள ஊத்துற தண்ணி?"

"அதுவும் அவருதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

"எங்க வச்சுக் குடுப்பாரு?"

"அவரு ரூம் வாசல்ல நின்னா..."

தளவாய் பாதியில் நிறுத்தினார். முப்பது வருஷத்தில் அந்த வாசலில் அவர் கோஷம் போடாமல் நின்றதில்லை. இந்த ஒரு மாதத்தில் நான்கு சனிக்கிழமைகள் சும்மா நின்றிருக்கிறார். அதை ஆசான் கேட்டபிறகுதான் எண்ணிப் பார்த்தார்.

எரிச்சல் வந்தது. "அதனால என்ன? அவனும் மனுசன்தானே. நல்லது செஞ்சா வாங்கிக்கிட வேண்டியதுதான்."

ஆவுடையம்மாள் ஒரு காகிதத்தை நீட்டினார். மில் கேட்டில் அன்று ஒட்டிய அறிவிப்பின் நகல். புகை பிடிப்போர் எவரும் கேட்டுக்கு வெளியே உள்ள கொட்டகைக்கு வருவதில்லை. எனவே காலை எட்டரைக்கும் மதியம் ஒரு மணிக்கும் விடப்படும் பத்து நிமிடப் பீடி இடைவேளைகள் நாளை முதல் கிடையாது. மணி அடிக்கப்படாது.

தளவாய் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

"பீடியே போயிட்டு. பிறகு பீடி மணி எதுக்கு? இருந்த இடத்துலயே இழுத்துக்கிடுதோம். நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது, பஞ்சு பத்திக்கிடும்ங்கிற பயம் கிடையாது. சொல்லுங்க தோழர், நான் பீடியை மாத்தினதுல யாருக்கு என்ன நட்டம்?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பதினாலாம் நம்பர் பிரேமுக்கு வாங்க. எங்கூட நில்லுங்க."

"எதுக்கு?"

"கேட்டியளே, அதுக்கு."

திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தளவாய் போனார். அவர் ஃபிட்டர். எந்த மெஷின் பக்கத்தில் நின்றாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆவுடையம்மாள் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். கூடம் கொதித்தது. நூல் அறுந்துபோகாமல் இருக்க எந்நேரமும் ஈரப் புகையை மேலேயிருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்குள் பாட்டில் காலி.

"நீங்க குடிக்கலையா, தோழர்?"

"நேத்து ராத்திரியோட நிறுத்தியாச்சு."

சுற்றிப் பார்த்தார். ஐம்பது பிரேம், இருநூறு பெண்கள். ஒருத்தி கையிலும் பாட்டில் இல்லை.

இந்தக் கூடத்துக்குள் அவர் எத்தனை ஆயிரம் முறை வந்திருப்பார். போல்ட்டை முறுக்குவார், போய்விடுவார். இன்று ஒரே இடத்தில் நின்றார். ஒரு நூலைச் சேர்த்து நிமிர்ந்தால் நான்கு நூல் தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனால் வரிசையே போச்சு.

எட்டரை ஆனது. மணி அடிக்கவில்லை. இருநூறு தலையும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன.

ஒன்பது மணிக்குத் தளவாய் காலை மாற்றி மாற்றி வைத்தார். சர்க்கரை வியாதிக்காரர். ஒன்பதரைக்கு உதட்டைக் கடித்தார்.

அடுத்த பிரேமிலிருந்து முப்புடாதி எட்டிப் பார்த்தாள். "அக்கா, அண்ணாச்சி என்ன இப்படி நெளியுதாரு?"

"எறும்பு கடிச்சிருக்கும்."

"எங்க கடிச்சிருக்கோ!"

நான்கு பிரேமுக்குச் சிரிப்புச் சத்தம் போனது.

"அண்ணாச்சி" என்றார் ஆவுடையம்மாள், கையை நிறுத்தாமல். "நீங்க ஃபிட்டரு. உங்களுக்குத் தடையில்ல. போயிட்டு வாங்க."

"நீங்க எப்பப் போவீய?"

"பதினொண்ணுக்கு. சாப்பாட்டுச் சங்கு ஊதுனா."

"அப்ப எனக்கும் பதினொண்ணுதான்" என்றார் தளவாய். ஜெயிலில் உண்ணாவிரதம் இருந்தபோது வந்த அதே குரல் வந்தது. ஆனால் உண்ணாவிரதம் இதைவிட எளிது என்று அவருக்குத் தெரிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

பத்து மணிக்கு விஷாகன் கூடத்துக்குள் வந்தார். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, எல்லோரிடமும் சிரிப்பு.

"என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்த்திருக்கு? ஒரு இழுப்பு இழுங்க. இப்பதான் வெளியே நடக்க வேண்டிய அவசியமே இல்லையே."

தளவாயின் கை பழக்கத்தில் பைக்குப் போனது. பீடி என்றால் ஒன்று எரிந்து முடிந்ததும் ஒரு கணக்கு முடியும். இது முடிவதே இல்லை. காலையில் பல் தேய்க்கும் முன்பே வாயில் ஏறிவிடுகிறது. இழுத்தார். மாம்பழ வாசனை பதின்மூன்றாம் பிரேம் வரைக்கும் போனது.

முப்புடாதி மூக்கை உறிஞ்சினாள். "நல்லாத்தான் இருக்கு வாசம். எங்க பத்து நிமிசத்தைப் பிழிஞ்சு எடுத்ததுல்ல?"

விஷாகன் கேட்காதது போல நகர்ந்துவிட்டார். தளவாயால் அப்படி நகர முடியவில்லை. இத்தனை வருஷமும் மணி அடித்தால் பெண்கள் கூட்டமாக வெளியே போவதைப் பார்த்திருக்கிறார். கதை பேசப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

பதினொன்றுக்குச் சங்கு ஊதியது. தளவாய் ஓடினார். ஆண்கள் பக்கம் ஆறு கக்கூஸ். ஆறும் காலியாக இருந்தன. ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

வெளியே வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் கக்கூஸ் முன்னால் வரிசை. நான்கு கதவு, இருநூறு பெண்கள், அரைமணி நேரம். இதில் நின்றால் சோறு இல்லை. கேன்டீன் வரிசையில் நின்றால் இது இல்லை. ஆவுடையம்மாளுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். தூக்குவாளி திறக்கப்படாமல் கையில் தொங்கியது.

தளவாய் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தோழர், இது தெரியாமப் போச்சே."

"ஒரு கதை சொல்லட்டுமா, அண்ணாச்சி? வரிசை நகர நேரம் ஆகும்."

"சொல்லுங்க."

"ஒரு மில்லுல பீடிக்காகப் பன்னெண்டு நாள் ஸ்டிரைக் நடந்துச்சு. பொம்பளைகளும் கூட உக்காந்தாங்க. ஜெயிச்சாச்சு. ஒப்பந்தம் எழுதப் போறாங்க. நாலு பொம்பளைக சங்கத் தலைவர்ட்ட போயி, 'எங்களுக்கு ஒண்ணுக்குப் போக நேரம்னும் சேர்த்து எழுதுங்க'ன்னு கேட்டாங்க. தலைவரு முகத்தைச் சுளிச்சாரு. 'ச்சீ! சர்க்கார் முத்திரை குத்துற பேப்பர்ல அதையெல்லாமா எழுதுவாக? பீடின்னு எழுதுதேன். மணி அடிச்சா நீங்களும் கூடப் போயிக்கிடுங்க'ன்னாரு."

வரிசையில் நான்கு பேர் நகர்ந்தார்கள்.

தான் சொன்னதைத் தளவாய் மறந்தே போயிருந்தார். அந்த ஒப்பந்தத்தின் அடியில் இருப்பது அவர் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷமாகச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

"அந்த நாலு பேர்ல நீங்களும் ஒருத்தரா?"

"கடைசியா நின்னேன். நீங்க என் முகத்தைப் பாக்கல."

வரிசை நகர்ந்தது. ஆவுடையம்மாள் முறை வருமுன் சங்கு மறுபடி ஊதியது.

"வாங்க" என்றார் ஆவுடையம்மாள். பிரேமுக்குப் போகவில்லை. நேராக விஷாகன் அறைக்குப் போனார். தளவாய் பின்னாலேயே போனார்.

தளவாய் வேப்பை மேஜை மேல் வைத்தார்.

"இதுக்கு எவ்வளவு ஆச்சு?"

"ஓசிதானே, அண்ணாச்சி."

"ஓசி இல்லவே. எவ்வளவுன்னு கேக்கேன்."

விஷாகனுக்குப் புரியவில்லை. ஆவுடையம்மாள், "சார், மணி அடிக்கணும்" என்றார்.

விஷாகன் ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார். "நானா நிறுத்தினேன்? புகை பிடிக்கிறவங்களுக்குன்னு போட்டிருக்கு. பிடிக்க ஆள் இல்லை. அவ்வளவுதான். சரி, ஒரு வழி சொல்றேன். நாளைக்கு நீங்க பன்னிரண்டு பேரும் கொட்டகைக்குப் போய்ப் பீடியைப் பத்த வைங்க. மணி தானா அடிக்கும்."

"பிடிக்கேன்" என்றார் தளவாய், அந்த நொடியே. "நாளைக்கு என்ன, இன்னைக்கே பிடிக்கேன். நெஞ்சு போனாப் போகட்டும். நான் பாக்காத தியாகமா?"

"வேண்டாம், அண்ணாச்சி."

"என் நெஞ்சு, தோழர். நான் செஞ்ச தப்பு. நானே தீத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு நெஞ்சு எரிஞ்சாத்தான் எங்களுக்கு நேரம்னா, நீங்க செத்த அன்னைக்கு நாங்க என்ன செய்ய?"



விஷாகன் சிரித்தார். "அப்ப இடைவேளைக்கு வேற பேர் வேணுமே. எந்தப் பேர்ல கேக்கிறீங்க? எழுத்தில் ஏதாவது இருக்கணும் இல்லையா?"

ஆவுடையம்மாள் தளவாயைப் பார்த்தார்.

ஆயிரம் கூட்டத்தில் பேசிய நாக்கு நகர மறுத்தது. ஏகாதிபத்தியம் என்று ஒரே மூச்சில் சொல்லும் வாய். காது மடல் சூடானது. காலையில் ஒன்பதரை மணிக்குக் கடித்த உதடு இன்னும் வலித்தது.

"மூத்திரம்" என்றார்.

"என்ன?"

"மூத்திரம். பொம்பளைக மூத்திரம் பெய்யப் போற நேரம். எழுதும்."

விஷாகன் முகத்தைச் சுளித்தார். "அண்ணாச்சி, இதை எப்படி நோட்டீசில் டைப் அடிக்கிறது? முதலாளி கண்ணில் படுமே."

"நானும் ஒருக்க அப்படித்தான் முகத்தைச் சுளிச்சேன்" என்றார் தளவாய். "டைப் அடிச்சாலும் சரி, அடிக்காட்டாலும் சரி."

மேஜையில் இருந்த வேப்பை அவர் திரும்ப எடுக்கவில்லை. வெளியே வந்ததும் கை சட்டைப் பையைத் தேடியது. வெறும் பை. நெஞ்சு அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மணி ஆனது.

ஆவுடையம்மாள் பதினாலாம் நம்பர் பிரேமை நிறுத்தினார். பிறகு முப்புடாதி பதின்மூன்றை நிறுத்தினாள். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. முப்பது வருஷத்தில் வேலை நேரத்தில் கேட்டிராத அமைதி ஒவ்வொரு வரிசையாக அந்தக் கூடத்துக்குள் வந்தது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வந்தான். விஷாகன் வாசலில் நின்று, அரைநாள் சம்பளம் பிடிப்பேன், பேரை எழுதுவேன், கேஸ் போடுவேன் என்றார். இருநூறு பேர் அவரைத் தாண்டி நடந்தார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டியிருந்தது.

தளவாய்க்கு உடம்பு முறுக்கேறியது. ஒரு போராட்டம் என்றால் ஒரு சத்தம் வேண்டும். கேட்டுப் பக்கம் ஓடினார். மணியின் கயிற்றை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்துக் கூவினார்.

"தோழர்! மணியை அடிக்கட்டுமா?"

ஆவுடையம்மாள் நடையைக் குறைக்கவில்லை.

"மணி எதுக்கு? வாறது எங்களுக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"