ஒரு பிடி கொள்ளில் மலையேறிய தேர்

பனங்காட்டுச் சீமையை ஆண்ட சூரபூபதி ராஜாவுக்கு ஒருநாள் கிறுக்குப் பிடித்தது. லாயத்துக் குதிரைகள் தின்கிற கொள்ளு அவர் கண்ணை உறுத்திவிட்டது.

"சீரங்கப்பா!" என்று சபையில் கூப்பிட்டார். "எனக்கு ஒரு தேர் செய். ஒற்றைக் குதிரை, அதற்கு ஒரு பிடி கொள்ளு. குதிரை திணறினால் கைகொடுக்க இன்னொரு சக்தியும் வேண்டும். ஆனால் அதற்கென்று அரண்மனையில் புதிதாய் ஒரு பருக்கைகூடச் செலவாகக் கூடாது. வருகிற பௌர்ணமிக்குத் தேர் மலைக்கோயில் வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் நீ இந்தச் சீமையிலேயே நிற்கக் கூடாது!"

இந்த யோசனையை ராஜா காதில் ஓதியது யார் என்கிறீர்கள்? பிரதானி வைரமேகம்தான். விகடம் பேசியே ராஜாவின் மனசில் இடம்பிடித்த சீரங்கப்பனைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

சீரங்கப்பனுக்கோ பெண்டாட்டி நிறைமாசம். அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவான்? மூங்கிலைப் பிளந்தான், பிரம்பைப் பின்னினான். ஓர் இரும்பாணிகூட இல்லாமல், ஒற்றைக் கையால் தூக்கும்படி ஒரு தேர் செய்தான்.

பௌர்ணமியும் வந்தது. ராஜா ஏறினார்.

"ராஜாவுக்கு வலப்பக்கம் பிரதானி உட்காருவது பரம்பரை வழக்கமாச்சே!" என்று வைரமேகமும் ஏறினார். சும்மாவா ஏறினார்? உடம்பில் பாட்டனாரின் இரும்புக் கவசம், மடியில் பித்தளை வெற்றிலைச் செல்லம், வயிற்றில் மூன்று ஆள் சாப்பாடு! மூங்கில் முனகியது.

"தாராளமாய் உட்காருங்கள்" என்றபடி முன்னால் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தான் சீரங்கப்பன்.

சமதரையில் குதிரை பறந்தது. மலையேற்றத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

வைரமேகம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மூட்டையைக் கட்டப்பா!"

"எங்கேடா அந்த இன்னொரு சக்தி?" ராஜாவின் கண் சிவந்தது.

"இன்னும் பூட்டவில்லை, மகாராஜா. தங்களுக்கு வலப்பக்கம்தான் இருக்கிறது."

ராஜா திரும்பினார். வலப்பக்கம் வைரமேகம் விழித்துக்கொண்டிருந்தார்.

"பிரதானியார் உட்கார்ந்தால் பாரம். இறங்கித் தள்ளினால் பலம்."

ராஜா சிரித்த சிரிப்பில் தேரே ஆடியது. "இறங்கும் ஓய்!"

வைரமேகம் கவசத்தோடு தள்ளினார். தள்ளாமல் என்ன செய்வார்? ராஜா கட்டளையாச்சே! தேர் கோயில் வாசலில் போய் நின்றது.

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சீரங்கப்பனுக்குப் போட்டார். மூச்சிரைத்த வைரமேகத்தைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"புதிதாய் ஒரு பருக்கைகூடச் செலவாகக் கூடாது என்றேனே. இவருக்கு இப்போது பசிக்குமே?"

"புதுச் செலவு எதற்கு மகாராஜா?" என்றான் சீரங்கப்பன். "அரண்மனையில் இத்தனை வருஷம் சாப்பிட்டதுக்கு இன்றைக்குத்தானே வேலை செய்திருக்கிறார்!"