நடுமுற்றத்துக் கைமண்

முன்னொரு காலத்தில் நொச்சிநாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

அரண்மனை மதிலை ஒட்டிக் காத்தாயி சோற்றுக்கடை நடத்திவந்தாள். நிலம் அரண்மனையுடையது, குத்தகை அவள் அப்பா எடுத்தது. எடுத்த அன்றைக்கு அது நிலமா என்ன? அரண்மனைச் சமையற்கட்டின் கழிவுநீரெல்லாம் வந்து தேங்குகிற குட்டை. இப்போதைய ராஜா சிறுவயதில் அதில் விழுந்து மூக்குவரை சேறாக எழுந்து வந்தார். பெரிய ராஜாவுக்கு வந்ததே கோபம். "யாராவது எடுத்துத் தொலையுங்கள்" என்று குத்தகைக்குத் தள்ளிவிட்டார்.

காத்தாயியின் அப்பா ஓரத்தை மேடாக்கி வீடு கட்டினார். சாக்கடை வாயைக் கல்லால் அடைத்துத் தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பினார். நடுக்குட்டையில் மண்ணைக் கொட்டி முற்றமாக்கினார். சுமந்து சுமந்தே மனுஷனுக்கு முதுகு வளைந்துபோயிற்று. அந்த முற்றத்தில்தான் இப்போது ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அந்த நாட்டுக் குத்தகைக்கு ஒரு வழக்கம் உண்டு. தவணை முடிகிற நாளில் நிலத்தை வாங்கினபடியே திருப்பித் தரவேண்டும். குத்தகைக்காரர் நிலத்தின் நடுவில் நின்று ஒரு பிடி மண்ணை நீட்டுவார். உடையவர் அங்கேயே வந்து தன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் அனுப்பக்கூடாது. பொழுது சாய்வதற்குள் அந்தக் கைமண்ணை வாங்காவிட்டால், குத்தகை இன்னொரு தவணைக்கு ஓடும்.

தவணை அந்த ஆடிக் கடைசியோடு முடிவதாக இருந்தது. மேலும் நீட்டித்துத் தரச்சொல்லிக் கேட்கக் காத்தாயி சபைக்குப் போனாள். அவளுக்கு முன்பே அங்கே கும்பலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அரண்மனை உக்கிராணத்துச் சாமான்களுக்கும் சமையற்கட்டுக்கும் அதிகாரி. மந்திரி அருளாளர் அந்தக் கடையில் சாப்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்து மதில் வாசல் வழியாகப் போய் ராஜாவை நினைத்தபோதெல்லாம் பார்த்துவிடுகிறார் என்பது அவருக்கு நாள்பட்ட வயிற்றெரிச்சல். அந்த இடத்தில் தன் வீடு இருந்தால்?

"மகாராஜா, அந்த நிலத்தை அடியேனுக்கே கொடுத்துவிட்டீர்கள்" என்றார் கும்பலிங்கம்.

"நேற்று ராத்திரி சாப்பாட்டில் கொடுத்தேன் போலிருக்கிறது" என்றார் ராஜா.

காத்தாயி முன்னால் வந்தாள். "சாமி, வீடு நாங்க கட்டினது. அதுக்காவது ஏதாச்சும் பார்த்துச் செய்யணும்."

"வழக்கத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. வாங்கினபடி திருப்பிக் கொடு, அவ்வளவுதான்" என்றார் கும்பலிங்கம்.

அருளாளர் மெல்லக் கேட்டார். "வாங்கினபடியே வேண்டுமா, ஐயா? கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாமா?"

"அணுவளவும் மாறக்கூடாது. மகாராஜா அப்படியே தீர்ப்புச் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்குப் பசி.

காத்தாயி வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே வந்த மந்திரியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களும் சேர்ந்துதானே ஐயா கழுத்தை அறுத்தீங்க? இவ்வளவு நாள் என் கையால தின்னீங்களே."

"தின்ன சோற்றுக்காகத்தான் சபையில் அப்படிக் கேட்டேன், தாயி. உங்கப்பா வாங்கினபோது இந்த முற்றம் எப்படி இருந்தது?"

"சாக்கடைக் குட்டையா இருந்துச்சு" என்றவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பிறகு எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்தாள்.

முற்றத்தைத் தோண்டும்போது அவளுக்கு அழுகை நிற்கவில்லை, அப்பா கொட்டிய மண்ணாயிற்றே. கடைசியில் சாக்கடைக் கல்லையும் பிடுங்கினாள். அரண்மனைச் சாக்கடைக்குப் பழைய வழி மறந்தா போயிருக்கும்? வடிகஞ்சி, மீன் கழுவிய தண்ணீர், பாத்திரம் துலக்கிய சாம்பல் எல்லாம் வந்து சேர்ந்தன. இரண்டொரு நாளில் தவளைகளும் குடிவந்தன. ராஜா மேல்மாடத்தில் தூக்கமில்லாமல் புரண்டார்.

ஒப்படைக்கிற நாள் வந்தது. ஊர் கூடியது. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் வந்து உட்கார்ந்தார். கும்பலிங்கம் பட்டும் புதுச்செருப்புமாக வந்து அப்படியே நின்றுவிட்டார்.

காத்தாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி நடுவில் நின்றாள். ஒரு பிடி அள்ளி நீட்டினாள். "வாங்கிக்குங்க ஐயா."

"இங்கே கொண்டுவா."

"நடுவில் நின்று வாங்குவதுதான் வழக்கம்" என்றார் அருளாளர்.

"என் ஆள் இறங்குவான்."

"உடையவர் கைதான் வாங்கவேண்டும்."

"இதை மூடச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்."

"மூடினால் அது வாங்கினபடி இல்லையே, ஐயா. அணுவளவும் மாறக்கூடாது என்று சபையில் சொன்னது நீங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. "இறங்கும், கும்பலிங்கம். நானே இதில் குளித்தவன்தான், ஒன்றும் ஆகாது."

கும்பலிங்கம் ஒரு காலை வைத்தார். சேறு முழங்கால்வரை இழுத்தது. தவளை ஒன்று மடியில் ஏறியது. பதறிக் காலை உருவினார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. அதற்குமேல் அவர் இறங்கவில்லை. காத்தாயி மட்டும் கை வலிக்க வலிக்க நீட்டியபடியே நின்றாள். பொழுது சாய்ந்து கோயில் மணி அடித்ததும் அந்தப் பிடி மண்ணை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குத்தகை ஓடுகிறது" என்றார் ராஜா. "இனிமேல் நிலம் திரும்ப வேண்டுமென்பவர், அதில் எழுப்பினதற்கு ஈடு கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். 'வாங்கினபடியே வேண்டுமா' என்று அன்றைக்கே கேட்டுவைத்த அருளாளருக்கு என் முத்துமாலை. குட்டை அரண்மனைத் தண்ணீரால் வந்தது, சமையற்கட்டுக்கு அதிகாரி கும்பலிங்கம். அவரே மூடித் தரட்டும்."

மூடினார்கள். முற்றம் மறுபடி முற்றமாயிற்று, அடுப்பு புகைந்தது. கும்பலிங்கம் எப்போதாவது அந்த வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போனால் காத்தாயி கரண்டியும் கையுமாகக் கூப்பிடுவாள்.

"வாங்க ஐயா, சாப்பிட்டுட்டுப் போங்க. உங்க செருப்பு இன்னும் எங்க முற்றத்துக்கு அடியிலதான் குடியிருக்கு. அதுக்குக் குத்தகை ஒண்ணும் கேக்கமாட்டேன்."