ஆட்டுக்குப் போன ரோமம்

அந்தக் காலத்தில் ஆடுதான் மொழுமொழுவென்று மொட்டையாக இருந்தது. மனுஷருக்கு உச்சி முதல் கணுக்கால் வரை ரோமம். ஆடு பேசும், அதைக் கேட்டு யாரும் அசந்துபோனதில்லை.

மேல்மலையில் பொம்மக்கா என்று ஒருத்தி இருந்தாள். யார் எதை இரவல் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவள். உலக்கையை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவள் வீட்டுக்கே போய்த் தன் சாமையைக் குத்திக்கொண்டு வருவாள். குளிரடித்தால் "எந்திரிங்க" என்று ஓர் அதட்டல் போடுவாள். ரோமமெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்கும். உடம்புச் சூடு வெளியே போகாமல் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

ஒரு மார்கழிக் காலையில் அவள் சுள்ளிக்கட்டைச் சுமந்து வரும்போது சினையாடு ஒன்று வழிமறித்தது.

"அக்கா, இன்னைக்கே குட்டி போட்டுருவேன் போலிருக்கு. உன் ரோமத்தைக் குடேன். பனி விட்டதும் தந்துடறேன்."

"இதுக்கா இம்புட்டுத் தயக்கம்? எடுத்துக்க."

தலைச்சுமையை இறக்கக்கூட இல்லை, அப்படியே உருவிக் கொடுத்துவிட்டாள். கட்டுக்கு அடியில் இருந்த தலைமுடி மட்டும் தப்பியது.

பாதி வழி போவதற்குள் காற்று வந்து, உடம்பைச் சுற்றியிருந்த வெதுவெதுப்பை வாரிக்கொண்டு போனது. பாறையில் குந்தினால் பாறை மிச்சச் சூட்டையும் அடியிலிருந்து உறிஞ்சியது. ஓடையில் நனைந்த கால் மரத்தே போனது. "எந்திரிங்க" என்று அதட்டினாள். எழுவதற்கு ஒன்றுமில்லை, தோல்தான் பொடிப்பொடியாகப் புடைத்தது. செத்துத்தான் போவோம் என்று பயந்துபோய்த் திரும்பி ஓடினாள்.

அதற்குள் ஆடு குட்டி போட்டிருந்தது. ஈரம் காயாத குட்டி அந்த ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்க அக்கா" என்றது ஆடு, குட்டியைப் பார்த்தபடியே.

பொம்மக்கா ரோமத்தைக் கொத்தாகப் பிடித்தாள். குட்டி அவள் விரலைச் சப்பியது. அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. பிடியை விட்டாள்.

"நீயே வச்சுக்க. வருஷத்துக்கு ஒருக்கா வெயில் வந்ததும் வெட்டிக் குடு, கம்பளி பின்னிக்கிறேன். இப்போ கொஞ்சம் தள்ளிப் படு."

குட்டியை நடுவில் விட்டு மூவரும் ஒட்டிப் படுத்தார்கள். காற்று சுற்றிச் சுற்றி வந்து, சந்து கிடைக்காமல் போய்விட்டது.

பொம்மக்கா கொடுத்ததை மறந்துவிட்டாள். அவள் தோல் மறக்கவில்லை. அன்று முதல்தான் குளிரடித்தால் அவள் வழிவந்த நமக்கெல்லாம் புல்லரிக்கிறது. ஆட்டிடம் போன ரோமத்தைத் தோல் இன்னும் "எந்திரிங்க" என்று அதட்டிப் பார்க்கிறது.