சவுக்கறையும் தங்கப் பாக்குவெட்டியும்

முன்னொரு காலத்தில், விசாரணை என்றாலே கொட்டாவி விடும் அரசர் ஒருவர் இருந்தார். வழக்குகள் சட்டென்று முடியட்டும் என்று அவர் ஒரு சட்டம் போட்டார்: "குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதுவே சாட்சி. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது."

தளவாய் விசயராயருக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. அரண்மனைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சவுக்கறை இருந்தது; சுவரெல்லாம் சவுக்குகள். உள்ளே போனவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். நாட்டில் நீதி அவ்வளவு வேகமாக அதற்குமுன் நடந்ததில்லை.

ஒருநாள் அரசரின் தங்கப் பாக்குவெட்டி காணாமல் போனது. தளவாய்க்கு விகடகவி வேடியப்பன் மேல் நெடுநாளாக எரிச்சல். அவன் பேசினால் அரசர் சிரிப்பார். இவர் பேசினால் தூங்குவார். வேடியப்பனைத் தொட முடியாததால், அவனுடைய நண்பனும் அரசருக்கு வெற்றிலை மடித்துத் தருபவனுமான மாசானத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் கைகள் கட்டப்பட்டிருந்த மாசானத்தை இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"எங்கேடா வைத்தாய்?" என்றான் வேடியப்பன்.

மாசானம் மிரண்டுபோய்த் தளவாயைப் பார்த்தான். "எங்க வெச்சேன்னு ஐயா இன்னும் சொல்லித் தரலைங்க."

"கேள்வி கேட்கக் கூடாது!" என்று தளவாய் சீறினார். "மன்னா, இவன் வலக்கையை வெட்ட உத்தரவிடுங்கள்."

வேடியப்பன் அந்தக் கையைப் பார்த்தான். கட்டைவிரலில் சுண்ணாம்புக் கறை இன்னும் போகவில்லை. வழக்கமாக நாக்கு நுனியில் நிற்கும் வேடிக்கை எதுவும் அன்று வரவில்லை. முன்னால் போய் வணங்கினான்.

"மன்னா, அடியேனும் ஒப்புக்கொள்கிறேன். பாக்குவெட்டியை எடுத்தது நான். கூட்டாளி, நம் தளவாய் அவர்கள்."

"அபாண்டம்! பச்சைப் பொய்!"

"சட்டப்படி என் வாக்குமூலமே போதும். இருந்தாலும் தளவாய் பெரிய மனிதர்; ஒரு சலுகை தரலாம். சவுக்கறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டும். எடுக்காதவர், எடுக்கவில்லை என்றுதானே சொல்லப்போகிறார்?"

"நியாயமாகத்தான் இருக்கிறது" என்றார் அரசர். "யாரங்கே!"

காவலர்கள் அதுவரை இல்லாத உற்சாகத்தோடு வந்தார்கள். தளவாய் தூணைக் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் மன்னா! அதற்குள் போனால் செய்யாததையும் செய்தேன் என்றுதான் சொல்வேன்! யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்!"

வேடியப்பன் அரசர் பக்கம் திரும்பினான்.

"இதைத் தளவாய் அடி வாங்காமல் சொன்னார்" என்றான் வேடியப்பன். "ஆகவே நம்பலாம், மன்னா."

அரசருக்கு அன்று கொட்டாவி வரவில்லை. மாசானத்தின் கைக்கட்டை அவிழ்த்து வைத்தியரிடம் அனுப்பினார். பிறகு வேடியப்பனை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உண்மையைச் சொல். அவன் எடுத்தானா, இல்லையா?"

"தெரியாது, மன்னா."

"தெரியாமலா இவ்வளவு தூரம் வாதாடினாய்?"

"தெரியாததால்தான், மன்னா. தெரிந்திருந்தால் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேனே."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பழைய சட்டத்தைக் கிழித்துப் புதிதாக எழுதச் சொன்னார்: குற்றம் சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும், தனக்கு எதிராகப் பேசும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, தண்டிக்கும்முன் குற்றம் சாட்டப்பட்டவன் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார். வேடியப்பன் சவுக்கறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பாக்குவெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. மாசானம் மடித்துத் தந்த வெற்றிலையோடு, அரசர் பாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டார். சவுக்கறையில் வேடியப்பன் வெங்காயம் காயப்போட்டான். அவற்றில் ஒன்றுகூட இதுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.