பாதிச் செடியில் பூத்த நீலம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருப்பில், சுண்ணாம்பு அடித்த சுவரோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா செடி. பந்து பந்தாய்ப் பூக்கும். எந்த வருடமும் இளஞ்சிவப்புதான். அந்த வருடம் நடந்தது அதிசயம்! சுவர்ப் பக்கம் பழைய நிறமே இருக்க, பாதைப் பக்கத்துப் பூக்கள் மட்டும் வானத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல் நீலம்!

குடியிருப்பே திரண்டுவிட்டது. நீலத்தை வரவழைத்தவரே மலர்க் கண்காட்சிக்கு அந்தப் பூவைக் கொண்டுபோகலாம் என்றார் மேஸ்திரி சவரிமுத்து.

சகாயமேரி கூட்டத்தின் ஓரமாய் நின்றாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம். அந்தச் செடியைத் தொடக்கூட அவளை யாரும் விட்டதில்லை.

செடியைத் தன் பொறுப்பில் வைத்திருந்த தெய்வானை முந்திக்கொண்டாள். "துணி அலசின சொட்டு நீலத் தண்ணியைச் செடியைச் சுத்தி ஊத்தினது யாரு? நான்தானே!"

"அப்படின்னா உன் வீட்டுக்காரர் வேட்டியிலயும் பூ பூக்கணுமே!" என்றாள் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி. மேஸ்திரியிடம் திரும்பி, "நான்தான் சுவரோரமா துருப்பிடிச்ச ஆணி புதைச்சேன் அண்ணே. எல்லாம் இரும்புச் சத்து!"

"நான் சாக்குதான் கழுவினேன்..." என்றாள் சகாயமேரி மெல்ல.

மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள, அம்மோனியம் சல்பேட் உரம் வந்த சாக்குகளை மாதக்கணக்கில் பாதைப் பக்கம் நின்று செடியடியில் கழுவி வந்தாள் அவள்.

"கேட்டீங்களா! உரத்தை ஊத்திச் செடியைக் கொல்லப் பார்த்தவளுக்குப் பூ வேணுமாம்!" என்றாள் தெய்வானை.

எல்லாரும் சிரித்தார்கள். சகாயமேரி தலை குனிந்தாள். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் செடியை ஒருமுறை சுற்றி வந்தார், பூவைப் பறித்தார்.

அதை யார் கையில் கொடுப்பது நியாயம்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: சகாயமேரியின் கையில். சொட்டு நீலம் சுற்றிலும் விழுந்தது. ஆணி சுவரோரம் கிடந்தது. பாதைப் பக்கம் மட்டும் விழுந்தது சாக்குத் தண்ணீர். அதிலிருந்த அம்மோனியத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றின. அப்போது அமிலம் பிறந்தது. சுவரின் சுண்ணாம்பு அதுவரை புளிக்கவிடாமல் அடக்கி வைத்திருந்த மண், அந்த அமிலத்தால் புளித்தது. புளித்த மண்ணில், இயல்பாகவே மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து, வேர்வழி ஏறி, பூவை நீலமாக்கியது! கண்காட்சியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த சகாயமேரியிடம், தெய்வானையே செடியை ஒப்படைத்தாள். சகாயமேரி செய்த முதல் வேலை, சாக்குக் கழுவும் இடத்தை மாற்றியது. புளிப்பு மிஞ்சினால் வேர் வாடும். பூவுக்கு நீலம் தந்த நுண்ணுயிர்களும் ஒடுங்கிப்போகும் அல்லவா?